தட்டின் முதல் வரிசை

பாமா வேலை பார்த்த தொழிற்சாலையில் செய்வது ஒரே ஒரு சாமான். உள்ளங்கை நீளத்தில் இரும்பு ஆப்பு. ஒரு பக்கம் வழவழப்பு, மறு பக்கம் ரம்பம் மாதிரிப் பல். லிஃப்ட்டின் அடியில் பக்கத்துக்கு இரண்டாக நாலு ஆப்புகள் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். லிஃப்ட்டைத் தூக்கும் கம்பிக்கயிறு என்றைக்காவது அறுந்தால், அந்த நாலும் மேலேறித் தண்டவாளத்தைக் கவ்வி, உள்ளே நிற்பவர்களை அந்தரத்தில் பிடித்து நிறுத்தும். கயிறு அறுகிறவரை அவற்றுக்கு ஒரு வேலையும் கிடையாது. இவ்வளவு சொகுசான உத்தியோகம் பெங்களூரில் வேறு யாருக்கும் இல்லை என்று பாமா சொல்லிச் சிரிப்பாள்.

ஹெப்பகோடிக்கு அவள் கல்யாணமாகி வந்து எட்டு வருஷம், அந்தத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவுக்கு வந்து நாலு வருஷம். ஒரு தட்டில் முப்பத்தாறு ஆப்பு. ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு. தட்டோடு ஃபர்னஸுக்குள் போய்ச் சிவக்கச் சூடேறி, எண்ணெயில் முங்கி வெளியே வந்தால்தான் பல்லுக்கு உறுதி வரும். வந்ததா என்று தெரிய, பிரஸ்ஸில் தண்டவாளத் துண்டின்மேல் வைத்து அழுத்த வேண்டும். அழுத்தியதை அப்புறம் விற்க முடியாது. அதனால் தட்டுக்கு ஒன்றுதான் சோதனை. எந்த ஒன்று என்பதை மனுஷக் கையிடம் விட்டால் கை நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிவிடும் என்று, இரண்டு பகடை வாங்கிவைத்திருந்தார்கள். சிவப்பில் விழுவது வரிசை. வெள்ளையில் விழுவது அந்த வரிசையில் எத்தனையாவது. பகடைக்குச் சொந்தக்காரன், வேண்டியவன் கிடையாது என்பது அவர்கள் எண்ணம். பகடைக்கு இல்லைதான். அதை உருட்டுகிற கைக்கு ஒரு ஊர், ஒரு வீடு, ஒரு பழக்கம் எல்லாம் உண்டு என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் தட்டில் இட்லியை வைத்துக்கொண்டே அவள் புருஷன் ரவிக்குமார் தன் வேலை இடத்துக் கதையைச் சொன்னான். ஒசூர் ரோட்டில் பதினெட்டு மாடி அடுக்குமாடிக் குடியிருப்பில் அவன் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர்.

“பி லிஃப்ட்டு ரெண்டு நாளா குலுக்குது பாமா. மெக்கானிக் வந்து மேல ஏறிப் பார்த்தான். கயிறுல இழை விட்டிருக்காம். ஆயுத பூஜைக்குள்ள மாத்திடறோம்னான்.”

“அதுவரைக்கும் ஓட்டுவாங்களாமா?”

“ஓட்டாம? பதினெட்டு மாடி யாரு ஏறுவா? அதான் கீழ நீ இருக்கியே.”

அந்தக் கட்டடத்துக்கு ஆப்பு போனபோது பெட்டியில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு அவள்தான் பெருமையாகச் சொல்லியிருந்தாள், “உங்க லிஃப்ட்டுக்கு அடியில நான் இருக்கேன்” என்று. அவன் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். இப்போதும் சிரித்துவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

பாமா தபால் வழியில் தரக்கட்டுப்பாட்டு டிப்ளமா படித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டிய வீட்டுப்பாடம் ஒன்று பாக்கி. இரண்டு பகடைகளை முந்நூற்று அறுபது தடவை வீச வேண்டும். ஏதாவது ஒன்றிலாவது 1 விழுந்த வீசல்களை மட்டும் தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றில் எத்தனையில் கூட்டல் ஏழு வருகிறது என்று பார்த்து, கணக்கு சொல்லும் விடையோடு ஒப்பிட வேண்டும். கணக்கு சொல்லும் விடை அவளுக்குத் தெரியும். மொத்தம் முப்பத்தாறு விதம், அதில் பதினொரு விதத்தில் 1 எட்டிப்பார்க்கும். அந்தப் பதினொன்றில் இரண்டில் மட்டும் கூட்டல் ஏழு. ஆகப் பதினொன்றில் இரண்டு.

முந்நூற்று அறுபது தடவை உட்கார்ந்து வீச யாருக்குப் பொறுமை? நாலு வருஷமாகத் தினமும் அதைத்தானே செய்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. டீ நேரத்தில் சோதனை ரிஜிஸ்டரை எடுத்து, கடைசி முந்நூற்று அறுபது தட்டுகளின் எண்களைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் காப்பியடிக்க உட்கார்ந்தாள். பதினைந்து மாதத்து வீசல்கள். சிவப்பு மையில் வரிசை, நீல மையில் இடம், பக்கத்தில் ‘பாஸ்’, அதற்குப் பக்கத்தில் அவள் கையெழுத்து.

முதலில் ஒன்று விழுந்தவற்றைத் தனியே எடுக்க வேண்டும். நூற்றுப்பத்து வீசலாவது தேறும் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டினாள். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாவதில் இல்லை. நாலாவது பக்கத்தில் விரல் வேகமாக ஓடியது, எட்டாவதில் நின்றுவிட்டது. கடைசிப் பக்கம்வரை போய்த் திரும்பி வந்து, ஸ்கேலை வைத்து வரிவரியாகப் பார்த்தாள். ஒன்று விழுந்தவை, பூஜ்யம். பூஜ்யத்தில் எத்தனை ஏழு என்று எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி அனுப்புவது?

பகடையில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தாள். மேஜைமேல் உருட்டினாள். நாலு, மூன்று. ஆறு, இரண்டு. மூன்றாவது தடவை சிவப்பில் ஒன்று விழுந்தது. அப்பாடா, ஒன்று விழத்தான் செய்கிறது என்று அவள் நினைத்து முடிப்பதற்குள், அவளுடைய கை போய் இரண்டு பகடையையும் அள்ளி மறுபடி உருட்டிவிட்டது. ஐந்து, நாலு.

பாமா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ தெரியாதவர்களின் கை தன் மடியில் கிடப்பதைப்போல இருந்தது.

ஸ்ரீராம்புரத்தில் அவள் வளர்ந்த வீட்டில் தரையிலேயே சுண்ணாம்பால் தாயக்கட்டம் போட்டிருக்கும். அக்கா தங்கை நாலு பேரும் லீவு நாள் முழுக்க அதில்தான். ஒன்று விழுந்தால் தாயம். தாயம் விழுந்தால் இன்னொரு ஆட்டம் உனக்கே. தாயம் விழுந்தும் கட்டையைத் திரும்ப எடுக்காதவளை மக்கு என்று திட்டுவார்கள். இந்தத் தொழிற்சாலையில் அவள் பகடையை உருட்டிய முதல் நாளும் ஒன்று விழுந்தது. “தாயம்!” என்று கத்தினாள். ஃபர்னஸ் பார்க்கும் நாகேஷ் சிரித்தான். அவளும் சிரித்துக்கொண்டே மறுபடி உருட்டி, இரண்டாவது விழுந்ததை எழுதினாள். அதற்கப்புறம் கத்துவது நின்றுபோயிற்று. அள்ளி உருட்டுவது மட்டும் நிற்கவேயில்லை.

ஆக, முதல் வரிசையில் இருந்த ஆப்பு ஒன்றைக்கூட அவள் நாலு வருஷமாகச் சோதிக்கவில்லை. மற்ற வரிசைகளிலும் முதல் இடத்து ஆப்பைச் சோதிக்கவில்லை. தட்டுக்குப் பதினொன்று. பகடையே கைகாட்டியும் அவள் தொடாமல் விட்டவை.

அன்றைக்கு வந்த தட்டு எண்ணெய் சொட்டிக்கொண்டு ரேக்கில் இருந்தது. பாமா அதை இழுத்து, முதல் வரிசையின் முதல் ஆப்பை எடுத்துப் பிரஸ்ஸில் வைத்தாள். நாகேஷ் ஓடிவந்தான்.

“ஏய் அக்கா, இந்தத் தட்டுக்குத்தான் காலையிலயே ஆச்சே! இன்னொண்ணு பேடா, வேணாம் அக்கா, சுந்தரம் சார் பார்த்தா கத்துவாரு.”

“கத்தட்டும். நீ முள்ளைப் பாரு.”

பிரஸ்ஸின் முள் பாதிகூட ஏறவில்லை. தண்டவாளத் துண்டின்மேல் ஆப்பு சத்தமில்லாமல் வழுக்கியது. எடுத்துப் பார்த்தால், பல் எல்லாம் வெயிலில் வைத்த மெழுகு மாதிரி மழுங்கியிருந்தது. இரண்டாவதை வைத்தாள். அதுவும் அப்படியே. மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது, ஆறாவது. ஆறும் ஒரே மாதிரி. இரண்டாவது வரிசையில் முதல் இடத்தை வைத்தாள், கல்லாகப் பிடித்தது. மூன்றாவது வரிசையிலும் பிடித்தது. கெட்டது முதல் வரிசை மட்டும்தான். ஆனால் அது முழுசாகக் கெட்டிருந்தது.

“முதல் வரிசை எந்தப் பக்கம் இருக்கும், உள்ள போறப்ப?”

“கதவு பக்கம் அக்கா.” நாகேஷ் ஃபர்னஸ் பக்கம் கையைக் காட்டினான். “சூடு வெளிய போகாம கதவைச் சுத்தி அடைச்சிருக்கிற கயிறு போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. சூடு நிக்கறதேயில்ல, ஓரத்துல வெளிய அடிக்குது. நான் சார்கிட்ட ரெண்டு வாட்டி சொன்னேன். சாம்பிள் எல்லாம் பாஸ் ஆகுதில்ல, அப்பறம் இன்னா உனக்குன்னாரு. உங்க ரிஜிஸ்டரைத்தான் காட்டினாரு.”

திட்டியிருந்தால்கூடப் பாமாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது. கதவு கெட்டிருப்பதை ஒரு மனுஷன் சொல்லியிருக்கிறான். அவன் வாயை அடைத்தது அவள் கையெழுத்து.

மேனேஜர் சுந்தரம் கெட்டவர் இல்லை. நாலு பேர் சேர்ந்து சத்தம் போட்டால் தலைவலி வரும் ரகம். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். மழுங்கிய ஆறையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். முகம் கொஞ்சம் வெளிறியது. பிறகு கால்குலேட்டரை எடுத்தார்.

“பாமா, பயப்படாம கேளுங்க. கயிறு அறுந்து போறதுங்கிறது லட்சத்துல ஒண்ணு. சரியா? அறுந்தே போச்சுன்னு வச்சுக்குங்க. ஆப்பு நாலு இருக்கு. மூணு பிடிச்சாலே நின்னுடும், ரெண்டு பிடிச்சாக்கூட நின்னுடும். நாலும் சாஃப்ட்டா இருந்தாத்தான் பிரச்சினை. ஒரு ஆப்பு முதல் வரிசையா இருக்க ஆறுல ஒண்ணு. நாலும்னா ஆறை நாலு தடவை பெருக்குங்க. ஆயிரத்து இருநூத்துத் தொண்ணூத்தாறுல ஒண்ணு. அதை லட்சத்தோட பெருக்குங்க. உங்க தலையில இடி விழறதுக்கு இதைவிட சான்ஸ் ஜாஸ்தி.”

பாமாவுக்கு ஒரு நிமிஷம் மூச்சு லேசாக வந்தது. கணக்கில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. நாலு பகடை உருட்டி நாலிலும் தாயம் விழுவதை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

“கதவைத் திங்கட்கிழமை ரிப்பேருக்குச் சொல்லிடறேன். நீங்க இனிமே ஒழுங்கா உருட்டுங்க. இந்த ஆறை மட்டும் ரிஜிஸ்டர்ல ஏத்தாதீங்க. புரொசீஜர்ல இல்லாத சாம்பிள் அது. ஏத்தினா முதல்ல உங்க கையெழுத்தைத்தான் கேப்பாங்க. டிப்ளமா முடிக்கப்போற நேரம் வேற.”

அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். வருகிற வழியில்தான் பேக்கிங் மேஜை. அங்கே வள்ளியம்மா முந்தின நாள் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அட்டைப்பெட்டியில் ஆப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சோதனைக்குப் போன இடத்தில் உதிரி ஒன்றை வைத்து நிரப்பிவிட்டு, ஒரு லிஃப்ட்டுக்கு நாலு, ஒரு பெட்டி. பாமா நடந்துகொண்டே பார்த்தாள். வள்ளியம்மாவின் விரல்கள் தட்டின் மூலையிலிருந்து ஆரம்பித்தன. முதல் வரிசை, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பெட்டியை மூடி, மேலே 1 என்று எழுதினாள்.

பாமாவின் கால் அங்கேயே நின்றுவிட்டது.

“வள்ளிக்கா, எப்பவும் இப்படியேதான் எடுப்பீங்களா? முதல் வரிசையிலேர்ந்தே?”

“பின்ன கலைச்சா எடுப்பாங்க? வரிசையா எடுத்தாத்தானே எண்ணிக்கை தப்பாது. இத்தினி வருஷத்துல ஒரு பெட்டி கூடக்குறைய போனதில்ல, தெரியுமா?” என்றாள் வள்ளியம்மா, குறை சொல்ல வந்துவிட்டாளே என்ற எரிச்சலோடு.

பகடைக்கு முன்னால் விழுந்தது ஞாபகம் இருக்காது. அதனால்தான் பெருக்கலாம். பெட்டி அப்படியில்லை. பெட்டியில் ஓர் ஆப்பு முதல் வரிசை என்று தெரிந்துவிட்டால், பக்கத்தில் இருப்பதும் முதல் வரிசைதான். தட்டுக்கு ஒன்பது பெட்டி. முதல் பெட்டியில் நாலும் கெட்டது. இரண்டாவதில் இரண்டு கெட்டது. மற்ற ஏழும் தங்கம். சுந்தரம் சாரின் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு, வள்ளியம்மாவின் ஒழுங்கான விரல்களில் ஒன்பதாகச் சுருங்கிப்போயிற்று. ஒன்பது லிஃப்ட்டில் ஒன்றுக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

லட்சத்தில் ஒன்று என்றாரே, அது எந்தக் கயிறு? நல்ல கயிறு. இழை விட்ட கயிற்றுக்கு அந்தக் கணக்கு செல்லாது. காலையில் இட்லி தின்றுகொண்டே ரவிக்குமார் சொன்னது அப்போதுதான் அவள் காதில் முழுசாக விழுந்தது.

அனுப்பிய பெட்டிகளின் ஃபைல் பேக்கிங் மேஜைக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அவள் அதை எடுத்துப் புரட்டினாள். ஒசூர் ரோட்டுக் கட்டடம் போன வருஷம் டிசம்பரில் இருந்தது. ஏ லிஃப்ட், தட்டு 211, பெட்டி 6. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பதில் எட்டு பங்கு நம் பக்கம் என்று சொல்லிக்கொண்டு திறந்தாள். பி லிஃப்ட், தட்டு 211, பெட்டி 1.

ஒன்பதில் ஒன்று என்றால் யாருக்காவது விழுந்துதானே ஆக வேண்டும்.

ரவிக்குமாருக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டேயிருந்தது. மறுபடி அடித்தாள், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் கன்னடத்தில் நிதானமாகச் சொன்னாள். லிஃப்ட்டுக்குள் இருந்தால் அவன் போன் எடுக்காது என்பது அவளுக்குத் தெரியும். கட்டடத்தின் ஆபீசுக்கு அடித்தாள். அங்கே ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மேடம், லிஃப்ட் நல்லாத்தானே ஓடிட்டிருக்கு” என்றார். ஓடுகிறவரைக்கும் எல்லா ஆப்பும் நல்ல ஆப்புதான், இதை எப்படிப் போனில் விளக்குவது? கம்ப்ளெய்ன்ட்டை மொபைல் ஆப்பில் பதிவு செய்யச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பாமா தன் மேஜைக்குத் திரும்பிப் போனாள். ரிஜிஸ்டரைத் திறந்து சிவப்பு மையில் 1 என்றும், நீல மையில் 1 என்றும் எழுதினாள். நாலு வருஷத்தில் அந்தப் புத்தகத்தில் விழுந்த முதல் ஒன்று. பக்கத்தில் ‘ஃபெயில்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆறு வரி, ஆறு ஃபெயில், ஆறு கையெழுத்து. கீழே, ‘முதல் வரிசை இதுவரை சோதிக்கப்படவில்லை, தவறு என்னுடையது’ என்று எழுதினாள். அந்தப் பக்கத்தையும், ஃபைலில் பெட்டி 1 போன இடங்கள் அத்தனையையும் போனில் படம் பிடித்தாள். முந்நூற்றுக்கு மேல் இருந்தது. அத்தனையையும் சுந்தரம் சாருக்கும், லிஃப்ட் பொருத்துகிற கம்பெனிக்கும் ஒன்றாக அனுப்பினாள். அனுப்பிய கையோடு பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். நாகேஷ் பின்னாலிருந்து கூப்பிட்டது கேட்டது.

ஒசூர் ரோட்டில் பஸ் ஊர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் கட்டடங்கள். முன்பெல்லாம் மாடிகளை எண்ணி, இதில் நம் ஆப்பு இருக்கும், அதில் இருக்கும் என்று குஷியாக இருப்பாள். இன்றைக்கு எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஒன்பதாவது, பதினெட்டாவது, இருபத்தேழாவது. ஒவ்வொரு கட்டடத்துக்குள்ளும் யாரோ பொத்தானை அமுக்கிவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. தரைத்தளத்தில் பி லிஃப்ட்டுக்கு முன்னால் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். கதவுக்கு மேலே சிவப்பு எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பதினொன்று, பத்து, ஒன்பது. எட்டில் ஒரு கணம் நின்று துடித்தது. ஏழு. ஆறு. எல்லாப் பகடைக்கும் அவள் வாழ்நாளில் செய்த வேண்டுதலை அந்த எண்களுக்குச் சேர்த்துச் செய்தாள். கதவு திறந்தது. துடைப்பான் வண்டியைத் தள்ளிக்கொண்டு ரவிக்குமார் வெளியே வந்தான்.

“பாமா? நீ எங்க இங்க?”

அவனைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அவள் அவனைத் தாண்டிப் போய், லிஃப்ட்டின் வாசலில், ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே வைத்து நின்றாள். உள்ளே நுழைய வந்த பெண் காய்கறிப் பையோடு முட்டிக்கொண்டு நின்றாள்.

“யாரும் ஏறாதீங்க. கயிறுல இழை விட்டிருக்கு. கீழ இருக்கிற ஆப்பு நாலும் கெட்டது.”

“யாருங்க நீங்க? லிஃப்ட் கம்பெனியா?” என்றார் லேப்டாப் பை மாட்டியிருந்த ஒருவர்.

“இல்ல. அந்த ஆப்பைச் சோதிக்கிறவ. இதைச் சோதிக்காம விட்டவ.”

கதவு மூட வந்து, அவள் தோளில் இடித்து, திரும்பிப் போனது. ரவிக்குமார் அவள் முகத்தையே பார்த்தான். துடைப்பான் வண்டியைத் திருப்பி, அவளுக்குப் பக்கத்தில் வாசலுக்குக் குறுக்கே விட்டு, தானும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“காலையிலேர்ந்து இதுலதான் ஏறி இறங்கறோம்” என்றாள் காய்கறிப் பெண், கோபமாக. “அப்படி இன்னைக்கே விழுந்துடுமா?”

பாமாவுக்குப் பொய் சொல்லத் தோன்றியது. ஆமாம், இப்பவே விழும் என்றால் கூட்டம் கலைந்துவிடும். ஆனால் நாலு வருஷமாகப் பொய் எழுதிய கை அது. வாயாவது சரியாகச் சொல்லட்டும்.

“இன்னைக்கு விழாது. அனேகமா நாளைக்கும் விழாது” என்றாள். “விழுந்தா, பிடிக்காது.”

காய்கறிப் பெண் பையைத் தரையில் இறக்கி வைத்தாள். கதவு மறுபடி வந்து அவள் தோளில் இடித்தது, அவள் நகரவில்லை.